பம்பு ஓடினால் மௌனமாகும் சென்சார்: ஒரு காளான் குடிலின் ஐ2சி கோளாறு

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கருவி, கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிப்பிக்காளான் குடிலில் இருக்கிறது. தென்னை நிழலில் போட்ட ஓலைக் குடில். உள்ளே உறிகளில் வரிசையாகத் தொங்கும் வைக்கோல் படுக்கைகள், ஓரங்களில் நனைத்துக் கட்டிய சாக்குகள். மொட்டு விடும் சமயத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மொட்டு காய்ந்துபோகும்; தண்ணீர் அதிகமானாலோ மஞ்சளித்து அழுகும். அதனால் குடில்காரரின் அக்காள் மகன், பாலிடெக்னிக் மாணவர், ஒரு தானியங்கிப் பெட்டியைக் கட்டிக்கொடுத்தார். பெட்டி பார்க்க ஒழுங்காகவே இருந்தது. ஆனால் அதில் சென்சார்கள் அடிக்கடி 'செத்துக்கொண்டிருந்தன'.

பெட்டிக்குள், நிரல் ஏற்றி ஓட்டும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அர்டுயினோ ஊனோ வகை ஒன்று. ஏடிமெகா328பி சில்லு, 5 வோல்ட். அதன் ஏ4, ஏ5 முனைகளில் கிளம்பும் ஐ2சி இணைப்பில் (இரண்டே கம்பியில் பல சில்லுகள் பேசிக்கொள்ளும் முறை) நான்கு மாட்யூல்கள். வெப்பநிலை, ஈரப்பதம் பார்க்க இரண்டு பிஎம்இ280 சென்சார்கள்: ஒன்று பெட்டிக்குப் பக்கத்திலேயே, மற்றொன்று ஆறு மீட்டர் தள்ளிக் குடிலின் கடைசியில். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரம். எண்களைக் காட்ட, முதுகில் பிசிஎஃப்8574 சில்லு பொருத்திய இரண்டு வரி எல்சிடி திரை. இவை தவிர, பலகை இயக்கும் சுவிட்சுகளாக இரண்டு ரிலேக்கள்: பனித்தூவல் முனைகளுக்குத் தண்ணீர் தள்ளும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்புக்கு ஒன்று, 230 வோல்ட் காற்றுப்போக்கிக்கு ஒன்று. நிரல் எளியது. நொடிக்கு ஒருமுறை கடிகாரத்தையும் சென்சார்களையும் படித்துத் திரையில் எழுதும். அரை மணிக்கு ஒருமுறை ஈரப்பதத்தைப் பார்த்து, குறைவாக இருந்தால் பம்பை 40 நொடி ஓட்டும்.

புகார் இதுதான். சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க ஓடும். பிறகு திரையில் எண்கள் அப்படியே நின்றுவிடும். அப்படி நிற்கும்போது பம்பு நின்றிருந்தால் படுக்கை காயும். ஓடிக்கொண்டிருந்தால் தொட்டி காலியாகும்வரை ஓடும். இரண்டாவது வகையில்தான் ஒரு வரிசைப் படுக்கை முழுக்க அழுகிப்போனது.

என்னை அழைக்கும் முன்பே ஏற்கெனவே நிறைய செய்திருந்தார்கள். ஈரம் ஏறிச் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிது புதிதாக மாற்றினார்கள். மாற்றிய ஒன்று முதல் நாளே 'கிடைக்கவில்லை' என்றது. அது வேறு கதை: பிஎம்இ280 என்று சொல்லி விற்கப்பட்டது உண்மையில் பிஎம்பி280. அதில் வெப்பமும் காற்றழுத்தமும் உண்டு, ஈரப்பதம் கிடையாது. கண்ணாலேயே பிரித்தறியலாம், பிஎம்இ280 சில்லின் உலோக மூடி 2.5 மில்லிமீட்டர் சதுரம், பிஎம்பி280 சற்றே நீள்சதுரம். சந்தேகமிருந்தால் சில்லுக்குள் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) டி0 பதிவேட்டைப் படித்தால் போதும்: முன்னது 60 என்று சொல்லும், பின்னது 58 என்று சொல்லும். நிரல் நூலகம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் 'சரியான சென்சார் இல்லை' என்று மறுக்கிறது. ஆனால் இந்தப் போலியை எடுத்துவிட்டுச் சரியானதைப் போட்ட பிறகும் மூலக் கோளாறு தொடர்ந்தது.

அடுத்து வாட்ச்டாக். நிரல் மாட்டிக்கொண்டால் எட்டு நொடியில் பலகை தானாக ரீசெட் ஆகும்படி மாணவர் எழுதினார். யோசனை நல்லதுதான். நடந்ததோ வேறு: மாட்டிக்கொண்ட பலகை ரீசெட் ஆனது, மறுபடி மாட்டிக்கொண்டது, மறுபடி ரீசெட் ஆனது, விடிய விடிய இதே வேலை. திரையில் மட்டும் அந்தப் பழைய எண்கள் அசையாமல் நின்றன.

இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டபோதே சென்சார் கெட்டிருக்காது என்று எனக்குத் தோன்றியது.

'பதில் வரவில்லை' என்பதில் எத்தனை வகை

சென்சார் வேலை செய்யவில்லை என்று யார் சொன்னாலும், எந்த விதத்தில் வேலை செய்யவில்லை என்று கேட்காமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. பதில் சொல்லாத சென்சார் வேறு, பொய் சொல்லும் சென்சார் வேறு, மற்றவர் வாயையும் சேர்த்துப் பொத்தும் சென்சார் வேறு.

பொய் சொல்லுவது எளிதில் தெரியும். டிஎஸ்18பி20 என்னும் வெப்பநிலைச் சென்சார் சரியாக 85 டிகிரி காட்டினால் அது வெப்பமல்ல. மின்சாரம் வந்தவுடன் அதன் பதிவேட்டில் இருக்கும் தொடக்க மதிப்பு. மைனஸ் 127 காட்டினால் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று நூலகம் சொல்கிறது. ஈரப்பதம் நூறிலேயே நின்றால் பிஎம்இ280 மேல் நீர்த்துளி படிந்திருக்கும். உலர்ந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

பதில் சொல்லாதது இரண்டாம் வகை. முகவரி தவறு, கம்பி கழன்றது, ஊசிகளைப் பற்றவைக்காமல் வெறுமனே செருகியது, எம்பியு6050 அசைவுச் சென்சாரும் டிஎஸ்3231-உம் ஒரே 68 முகவரியில் மோதிக்கொள்வது எல்லாம் இதில் சேரும். இங்கே பலகை பிழைத்திருக்கும். நிரல் கேட்கும், பதில் வராது, பிழை எண் 2 கிடைக்கும், நிரல் மேலே ஓடும்.

மூன்றாவது வகையில் பலகையே உறைந்துவிடும். ஐ2சி முகவரிகளைத் தேடும் சிறு நிரலை ஏற்றிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். 'ஒரு கருவியும் இல்லை' என்று அது சொன்னால் இரண்டாம் வகை. 'தேடுகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அதோடு நின்றுபோனால் மூன்றாம் வகை. குடில் பெட்டி நன்றாக ஓடும்போது தேடினால் 27, 57, 68, 76, 77 என்று ஐந்து முகவரிகள் வந்தன. நான்கு மாட்யூலுக்கு ஐந்து முகவரியா என்று மாணவர் திகைத்தார். டிஎஸ்3231 மாட்யூலில் ஒரு ஈஈப்ராம் நினைவகச் சில்லும் சேர்ந்தே வருகிறது, 57 அதனுடையது. பெட்டி உறைந்த பிறகு அதே தேடல் நிரல் முதல் வரியோடு நின்றது.

நின்றுபோன கடிகாரம் சொன்னது

ஓடும் நிரல் செத்த நேரத்தைக் கண்டுபிடிப்பது பொதுவாகத் தலைவலி பிடித்த வேலை. இங்கே அதற்குத் திரையே சாட்சி. நொடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதும் திரை, நின்றுபோனால் நின்ற நேரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். எனவே குடில்காரரிடம் ஒரே ஒரு வேலை கேட்டேன்: "அண்ணே, அடுத்த தடவை நின்றால் எதையும் தொடாதீர்கள். முதலில் திரையைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். பம்பு ஓடுகிறதா இல்லையா என்றும் சொல்லுங்கள்."

"சென்சாரைக் கழற்றித் துடைக்க வேண்டாமா, தம்பி?"

"வேண்டாம். படம் மட்டும் போதும்."

படங்கள் வந்தன. 14:30:00. 06:00:40. 10:30:00. 11:30:01. 16:00:40. எல்லாமே அரை மணியின் விளிம்பில், பம்பு கிளம்பும் நொடியில் அல்லது அது நிற்கும் நொடியில். கிளம்பும் நொடியில் உறைந்த நாட்களில் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கும் நொடியில் உறைந்த நாட்களில் ஓய்ந்திருந்தது. நினைவகம் தீர்ந்துபோகிறது, வெயிலில் சில்லு சூடாகிறது, ஈரம் ஏறுகிறது என்று அதுவரை பேசிய காரணம் ஒன்றுக்கும் கடிகாரம் பார்த்து வேலை செய்யத் தெரியாது.

ரீசெட் பொத்தானும் மல்டிமீட்டரும்

உறைந்த நிலையில் பெட்டியைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லிப் போய்ப் பார்த்தோம். ரீசெட் பொத்தானை அழுத்தினால் ரிலே விடுபட்டுப் பம்பு நின்றது. ஆகவே பலகை ரீசெட் ஆகிறது. ஆனால் திரையில் பழைய நேரம் மாறவில்லை; பலகை மறுபடி தொடங்கித் திரையோடு பேசப் போன இடத்திலேயே மீண்டும் உறைந்துவிட்டது. மின்சாரத்தை முழுவதும் துண்டித்துத் திரும்பக் கொடுத்ததும் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

இந்த ஒரு சோதனையைப் பலர் தவறவிடுகிறார்கள். ரீசெட் பொத்தான் அர்டுயினோ சில்லை மட்டுமே புதிதாகத் தொடங்க வைக்கிறது. சென்சாருக்குப் போகும் மின்சாரம் நிற்பதில்லை. அதன் உள்நிலையும் மாறுவதில்லை. ரீசெட்டுக்குச் சரியாகாமல் மின்துண்டிப்புக்குச் சரியாகும் கோளாறு, நிரலில் இல்லை. பலகைக்கு வெளியே எதுவோ ஒன்று பிடிவாதமாக நிற்கிறது. வாட்ச்டாக் ஏன் விடிய விடியத் தோற்றது என்பதற்கும் இதுவே விடை. ஒரு எச்சரிக்கை: சோதிக்கும்போது மடிக்கணினியின் யூஎஸ்பி கம்பி மாட்டியிருந்தால், அடாப்டரைப் பிடுங்குவது மின்துண்டிப்பே ஆகாது.

அடுத்த முறை உறைந்தபோது மல்டிமீட்டரை வைத்தோம். ஐ2சி கம்பிகள் இரண்டையும் ஓய்வில் புல்-அப் மின்தடைகள் மேலே இழுத்து வைத்திருக்கும். கருவிகளால் அவற்றைக் கீழே இழுக்க முடியும், மேலே தள்ள முடியாது. ஆகவே யாரும் பேசாதபோது இரண்டும் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடிகாரக் கம்பியான எஸ்சிஎல் அப்படியே இருந்தது. தரவுக் கம்பியான எஸ்டிஏ கால் வோல்ட்டுக்கும் கீழே கிடந்தது. யாரோ அதைக் கீழே பிடித்திருக்கிறார்கள்.

யார் என்று அறிய ஆசிலோஸ்கோப் தேவையில்லை. மின்சாரம் இருக்கும்போதே ஒவ்வொரு மாட்யூலின் எஸ்டிஏ கம்பியை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பார்த்தால் போதும். திரை, கடிகாரம், பக்கத்துச் சென்சார் என ஒவ்வொன்றாகக் கழற்றியும் முள் அசையவில்லை. தூரத்துச் சென்சாரின் கம்பியைக் கழற்றியதும் எஸ்டிஏ சட்டென்று 5 வோல்ட்டுக்கு ஏறியது.

"அப்படியானால் அந்தச் சென்சார்தானே கெட்டது?" என்றார் குடில்காரர். நியாயமான கேள்வி. ஆனால் அதே இடத்தில் புதிய சென்சார் போட்டபோதெல்லாம் அதுவும் இதையேதான் செய்திருக்கிறது. அதன் உடலில் நோயில்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

சென்சார் ஏன் கம்பியை விடுவதில்லை

ஐ2சி-யில் கடிகாரத் துடிப்பைக் கொடுப்பது பலகை. ஒவ்வொரு துடிப்புக்கும் சென்சார் ஒரு பிட்டைத் தரவுக் கம்பியில் வைக்கும்: பூஜ்யம் என்றால் கம்பியைக் கீழே இழுக்கும், ஒன்று என்றால் விட்டுவிடும். எட்டு பிட்டுக்குப் பின் ஒன்பதாவது துடிப்பு 'பெற்றேன்' என்னும் ஒப்புதலுக்கு. இதில் எங்கும் நேரக் கணக்கு இல்லை. துடிப்பு வந்தால் அடுத்த பிட், வராவிட்டால் காத்திருத்தல், எவ்வளவு நேரமானாலும்.

பம்பு கிளம்பும் நொடியில் எஸ்சிஎல் கம்பியில் ஒரு பொய்த்துடிப்பு ஏறுகிறது, அல்லது உண்மையான துடிப்பு ஒன்று சென்சாருக்குத் தெரியாமல் போகிறது என்று வையுங்கள். நெல் அளக்கும்போது மரக்கால் போடுகிறவரின் எண்ணிக்கையும் கணக்கு வைப்பவரின் எண்ணிக்கையும் ஒன்று பிசகினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. பலகை தன் கணக்குப்படி வேலை முடிந்தது என்று துடிப்பை நிறுத்துகிறது. சென்சாருக்கோ இன்னும் பிட் பாக்கி. அது கையில் வைத்திருப்பது பூஜ்யமாக இருந்தால், தரவுக் கம்பியைக் கீழே பிடித்தபடி அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கிறது. பேச்சை முடிக்கவோ புதிதாகத் தொடங்கவோ தரவுக் கம்பி மேலே வர வேண்டும். பலகை அதற்காகக் காத்திருக்கிறது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கிறார்கள். ஐ2சி பேச்சைக் கவனிக்கும் அர்டுயினோவின் வயர் நூலகம் இந்தக் காத்திருப்பை ஒரு முடிவில்லாச் சுழற்சியாக எழுதியிருந்தது. நேர வரம்பு வைக்கும் வசதி 2020-இல்தான் சேர்ந்தது. இப்போதும் நாமாகக் கேட்டால் ஒழிய அது இயங்காது.

எல்லா முறையும் உறையாததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. பொய்த்துடிப்பு வரும் அந்தக் கணத்தில் பலகை தூரத்துச் சென்சாரைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும், சென்சார் கையில் பூஜ்யம் இருக்க வேண்டும். இரண்டும் கூடி வராத நாளில் ஒன்றும் நடக்காது.

ஆறு மீட்டர் கம்பிக்குள்

இனி அந்தப் பொய்த்துடிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தூரத்துச் சென்சாருக்குப் போனது கணினி வலையமைப்புக்குப் பயன்படும் எட்டு இழைக் கம்பி, கேட்5 வகை. இதில் தவறில்லை, கிடைத்ததில் நல்லது. முனையைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நீலத்தில் எஸ்டிஏ, வெள்ளை-நீலத்தில் எஸ்சிஎல், வெள்ளை-பச்சையில் 5 வோல்ட், பச்சையில் கிரவுண்டு. மிச்சம் நான்கு இழை சும்மா கிடக்கிறதே என்று, குடிலின் அதே கோடியில் இருந்த பம்புக்கான 12 வோல்ட்டையும் இதற்குள்ளேயே அனுப்பியிருந்தார் மாணவர்: ஆரஞ்சு இணை பிளஸ், பழுப்பு இணை மைனஸ். கோடியில் பழுப்பு, வெள்ளை-பழுப்பு, பச்சை மூன்றையும் ஒன்றாக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எல்லாம் கிரவுண்டுதானே என்பது அவருடைய நியாயம். சுற்றுப்படத்தில் அது உண்மை. கம்பிக்கோ மின்தடை உண்டு.

கணக்கு சின்னது. 24 கேஜ் செம்பு இழைக்கு மீட்டருக்கு 0.084 ஓம். ஆறு மீட்டருக்கு அரை ஓம். முறுக்கிய மூன்று இழையும் சேர்ந்து பம்பின் மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவருவதால் 0.17 ஓம். பம்பின் சீட்டில் 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. ஓடும்போது சென்சாரின் கிரவுண்டு பலகையின் கிரவுண்டைவிட அரை வோல்ட் உயர்ந்து நிற்கும். இதைச் சில்லுகள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் சுருளின் மின்தடையைத் தவிர மின்சாரத்தைத் தடுக்க ஆளில்லை. 10 ஆம்பியர் அளவுக்குப் பாயலாம். அப்போது 1.7 வோல்ட். தூரத்துச் சென்சார் 'பூஜ்யம்' என்று கம்பியைத் தன் கிரவுண்டுக்கு இழுத்தாலும், பலகைக்கு அது 1.7 வோல்ட்டாகத் தெரியும். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா உறுதியாகப் பூஜ்யம் என்று ஏற்பது 1.5 வோல்ட்வரைதான். மறுபக்கம், பலகை விட்ட 5 வோல்ட் சென்சாரின் இடத்திலிருந்து பார்த்தால் 3.3 வோல்ட்தான். இதில் துடிப்பு பிசகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். செம்புக்குப் பதில் செம்புப் பூச்சு போட்ட அலுமினியக் கம்பி மலிவு விலைக்கு வருகிறது. அதில் மின்தடை இன்னும் அதிகம்.

பம்பு நிற்கும்போது நடப்பது வேறு. ரிலே தொடர்பு பிரியும்போது மோட்டார் சுருளில் தேங்கிய ஆற்றல் போக வழியில்லாமல் தொடர்பு முனைகளில் பொறியாகப் பறக்கிறது. அதற்கு வழிவிடும் டயோடு எதுவும் பம்புக்குக் குறுக்கே போட்டிருக்கவில்லை. அந்தப் பொறியின் அதிர்வு அதே உறைக்குள் ஒட்டி ஓடும் நீல இணையில் ஏறுகிறது. போதாததற்கு எஸ்டிஏ-யும் எஸ்சிஎல்-உம் ஒரே முறுக்கு இணையில். இணையாக முறுக்கிய இரண்டு இழைகளுக்கிடையே மீட்டருக்கு ஏறக்குறைய 50 பிகோஃபாரட் மின்தேக்கம். ஆறு மீட்டருக்கு 300. ஒன்றில் ஏற்படும் துள்ளல் மற்றொன்றில் தெரியத்தான் செய்யும்.

கணக்கு பொருந்துகிறது என்பதற்காகக் காரணம் அதுதான் என்று நம்பிவிடக் கூடாது. பம்பின் கம்பிகளை மட்டும் கழற்றிவிட்டு ரிலேயை இரவு முழுக்கத் தட்டவிட்டோம், உறையவில்லை. ஆகவே ரிலேயின் சுருள் குற்றவாளி அல்ல. பிறகு ஒரு பைக் பேட்டரியில் பம்பைத் தனியாக, பெட்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், கையால் போட்டு அணைத்தோம், அப்போதும் உறையவில்லை. பழுப்பையும் ஆரஞ்சையும் பழையபடி மாட்டிச் சில நொடிக்கு ஒருமுறை பம்பைப் போட்டு அணைக்கும்படி நிரலை மாற்றியதும், சிறிது நேரத்திலேயே திரை நின்றது. சென்சார், நிரல், பலகை, ஈரம் எதையும் மாற்றாமல் கோளாறை வரவழைக்கவும் போக்கவும் முடிந்த பிறகுதான் கட்டிங் பிளேயரை எடுத்தோம்.

மாற்றியவை

முதலில் பம்புக்குத் தனி வழி. 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி, அடாப்டரிலிருந்து ரிலே வழியாக நேரே பம்புக்கு. அதன் மைனஸ் எங்கேயும் சென்சார் கிரவுண்டைத் தொடாது. இரண்டும் சந்திப்பது அடாப்டரின் மைனஸ் முனையில் மட்டும். பம்பின் இரு முனைக்குக் குறுக்கே ஒரு 1என்5408 டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில், கூடவே 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கி. டயோடைப் பெட்டியில் போடாமல் பம்பின் காலடியிலேயே போட்டோம். தூரத்தில் போட்டால் இடையில் உள்ள கம்பி ஆன்டெனா வேலை பார்க்கும்.

கேட்5 கம்பியில் இழைகளை மறுபடி பங்கிட்டோம். எஸ்டிஏ ஒரு கிரவுண்டு இழையோடு ஒரு இணையில், எஸ்சிஎல் இன்னொரு கிரவுண்டு இழையோடு வேறொரு இணையில்.

புல்-அப் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐ2சி தகராறு என்றாலே '4.7 கிலோ ஓம் புல்-அப் போடு' என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊனோவில் வெறும் சில்லை மட்டும் இணைத்தவர்களுக்கு அது சரி. பலகைக்குள் இருக்கும் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, நீளக் கம்பிக்குப் போதாது. ஆனால் மாட்யூலாக வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு மாட்யூலிலும் புல்-அப் ஏற்கெனவே இருக்கிறது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் சின்னக் கறுப்பு மின்தடைகளில் 103 என்றோ 472 என்றோ எழுதியிருக்கும்; முன்னது 10 கிலோ ஓம், பின்னது 4.7. இந்தப் பெட்டியில் சென்சார் இரண்டிலும் 103, கடிகாரத்திலும் திரையிலும் 472. நான்கும் பக்க இணைப்பில் சேர்ந்தால் 1.6 கிலோ ஓம். கம்பியைக் கீழே இழுக்கும் சில்லு ஏறக்குறைய 2.9 மில்லி ஆம்பியரை விழுங்க வேண்டும். ஐ2சி விதிப்படி அது 0.4 வோல்ட்டுக்குள் விழுங்கக் கடமைப்பட்டது 3 மில்லி ஆம்பியர். விளிம்பில் நிற்கும் இந்த இணைப்பில் இன்னொரு புல்-அப் சேர்ப்பது தீங்கு. நாங்கள் திரையில் இருந்த இரண்டு 472-ஐயும் பற்றவைப்பை உருக்கி எடுத்துவிட்டோம். மிச்சம் 2.4 கிலோ ஓம், இழுக்க வேண்டியது 2 மில்லி ஆம்பியருக்கும் கீழே. கம்பியின் மின்தேக்கம் 350 பிகோஃபாரட் என்று வைத்தாலும் மேலேறும் நேரம் 0.7 மைக்ரோவினாடி, 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்துக்கு 1 வரை அனுமதி உண்டு.

இவ்வளவையும் செய்துவிட்டு, நிரலைத் தொடாமல், அதே பம்பு போட்டு அணைக்கும் சோதனையை இரவெல்லாம் ஓட விட்டோம். காலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நிரலில் சேர்த்தவை

கம்பியைச் சரிசெய்தபின் நிரலில் கை வைக்கத் தேவையில்லை என்று வாதிடலாம். தண்ணீரும் 230 வோல்ட்டும் சம்பந்தப்பட்ட பெட்டியில் எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

மாட்டிக்கொண்ட தரவுக் கம்பியை விடுவிக்க ஐ2சி விதிமுறையே வழி சொல்கிறது. 1982-இல் இந்த இணைப்பை உருவாக்கிய பிலிப்ஸின் சில்லுத் தொழில் இப்போது என்எக்ஸ்பி என்ற பெயரில் இருக்கிறது. அது வெளியிடும் விதிப்புத்தகத்தில், எஸ்டிஏ கீழே மாட்டிக்கொண்டால் ஒன்பது கடிகாரத் துடிப்பு கொடு என்று இருக்கிறது. சென்சார் எந்தப் பிட்டில் நின்றிருந்தாலும் ஒன்பதுக்குள் கம்பியை விட்டுவிடும். எஸ்சிஎல் கீழே மாட்டிக்கொண்டால் இந்த மருந்து பலிக்காது. மின்சாரத்தைத் துண்டிக்கத்தான் வேண்டும்.

எனவே வயர் நூலகத்தைத் தொடங்கும் முன் ஏ4 முனையைப் படிக்கிறோம். அது கீழே இருந்தால் ஏ5 முனையை ஒன்பது முறைவரை கீழே இழுத்து விடுகிறோம். ஏ4 மேலே வந்ததும் ஒரு நிறுத்தக் குறி கொடுத்துவிட்டு நூலகத்தைத் தொடங்குகிறோம். இங்கே ஒரு கவனம்: முனையை 5 வோல்ட்டுக்குத் தள்ளக் கூடாது. கீழே இழுக்கும்போது அவுட்புட், விடும்போது இன்புட். மறுமுனையில் சென்சார் கீழே பிடித்திருக்கும் கம்பியைப் பலகை மேலே தள்ளினால் இரு சில்லும் மல்லுக்கட்டும்.

அதோடு நேர வரம்பு. 'செட்வயர்டைம்அவுட்' என்னும் செயற்கூறுக்கு 25,000 மைக்ரோவினாடி கொடுத்து, இரண்டாவது மதிப்பை 'உண்மை' என்று வைத்தால், பலகை காத்திருப்பதை விட்டுவிட்டு ஐ2சி பகுதியைப் புதிதாகத் தொடங்கும். இது பலகையை மட்டுமே விடுவிக்கும். சென்சாரின் பிடி அப்படியே இருக்கும். ஆகவே வரம்பு மீறியதும் ஒன்பது துடிப்பும் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டுச் சரியாகவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

இப்போது வாட்ச்டாக்கும் உருப்படியாக வேலை செய்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பின்னும் கம்பி விடுவிக்கப்படுகிறது. அர்டுயினோ நேனோ பலகையில் இதைச் செய்ய நினைப்பவர்கள் பூட்லோடரை (நம் நிரலுக்கு முன் ஓடும் தொடக்க நிரல்) பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பூட்லோடர் ரீசெட்டுக்குப் பின் வாட்ச்டாக்கை அணைப்பதில்லை. நிரலுக்குள் நுழையும் முன்பே அடுத்த ரீசெட் வந்து, பலகை விளக்கை மினுக்கிக்கொண்டே கிடக்கும்.

பம்பு மட்டும் நிரலை முழுதாக நம்பக் கூடாது என்று ரிலேக்குத் தொடராக ஒரு தனி டைமர் போட்டோம். நிரல் என்ன சொன்னாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் அது மின்சாரம் விடாது.

இப்போதைய நிலை

நேர வரம்பு எத்தனை முறை மீறப்பட்டது என்ற எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டச் செய்திருக்கிறோம். பம்பு போடும்போது அந்த எண் ஏறுவதில்லை. 230 வோல்ட் காற்றுப்போக்கி அணையும்போது எப்போதாவது ஒன்று ஏறுகிறது. பெட்டி உறைவதில்லை, ஒரு வாசிப்பு மட்டும் தவறுகிறது. ரிலே தொடர்புக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை மின்தேக்கியும் சேர்ந்த, பொறியை அடக்கும் ஸ்னப்பர் வாங்கி வைத்திருக்கிறார் மாணவர்; மாட்ட வேண்டும்.

தூரத்துச் சென்சாரைப் பனித்தூவல் முனையின் நேர்ப்பார்வையிலிருந்து விலக்கி, கவிழ்த்த துளைப்பெட்டிக்குள் வைத்தாயிற்று. நூறிலேயே நிற்பது குறைந்திருக்கிறது.

தோப்பின் மறுபக்கம், முப்பது மீட்டர் தள்ளி இரண்டாவது குடில் போடப்போகிறார்கள். அங்கேயும் இதே கம்பியை நீட்டலாமா என்று கேட்டார்கள். ஒரே பலகைமேல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்ள உண்டாக்கியது ஐ2சி. மின்தேக்க வரம்பு 400 பிகோஃபாரட், அது ஆறு மீட்டரிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. முப்பது மீட்டருக்கு, நீளக் கம்பிக்கான ஆர்எஸ்485 இணைப்பு வகை ஈரப்பதச் சென்சாரும் பலகைப் பக்கம் ஒரு மேக்ஸ்485 மாட்யூலும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். விலை சற்றுக் கூடுதல். குடில்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.